மச்சான் வேலைக்கு நின்றார்

மழை விட்டு அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. மருத்துவமனையின் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் ஒற்றை விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஈப்போ நகரின் சுண்ணாம்புக் குன்றுகள் இன்னும் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் வானம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தது. சலவைக்கூடத்தின் பக்கமிருந்து வெந்த துணியின் வாசனை வந்தது.

தகரக் கூரைக்கு அடியில் நீலச் சட்டைக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். மருத்துவமனையைச் சுத்தம் செய்யும் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். பெரும்பாலும் பெண்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியை உறிஞ்சியபடி, மேற்பார்வையாளர் அம்மா கைப்பேசியைப் பார்த்து வாசிக்கும் பெயர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வரிசையின் கடைசியில், ஒரு ஆள் இடைவெளி விட்டு, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். கைகள் முதுகுக்குப் பின்னால். பார்வை நேராக. அவரிடம் கோப்பி இல்லை. அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவரை யாரும் அங்கே வரச் சொல்லவும் இல்லை.

அவர் என் மச்சான் சன்னாசி. என் மனைவி ருக்மணியின் அண்ணன்.

நான் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்காமல், அவர் செய்துகொண்டிருப்பது எத்தனை விதிகளுக்குப் புறம்பானது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்குத் தெரியும், நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் இருந்தவன். நியமனம், உறுதிப்படுத்தல், இடமாற்றம், ஓய்வு எல்லாமே என் மேசை வழியாகப் போனவை. அழைக்காத இடத்தில் வரிசையின் கடைசியில் போய் நின்று யாரும் வேலை வாங்கியதை அந்த மேசையில் நான் பார்த்ததில்லை.

பக்கத்து இருக்கையில் ருக்மணி முந்தானையால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

"பாருங்க, சட்டைய தேச்சிப் போட்டுருக்கு," என்றாள்.

லயத்து வீடு காலியானது

சன்னாசி மச்சான் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண்டோராக இருந்தவர். மண்டோர் என்றால் வேலையாட்களின் பொறுப்பாளர். ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் சீவினார். மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது மண்டோரானார். பிறகு தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் முகப்பில் பெரிய பலகை வைத்து, அதில் சிரிக்கும் குடும்பம் ஒன்றையும் இரட்டை மாடி வீடு ஒன்றையும் வரைந்தார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்து வழக்கம். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

அதை மச்சான் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் வரி வரியாகப் படித்தேன். கால அவகாசம் சரியாக இருந்தது, கையொப்பமிட்டவரின் பதவி சரியாக இருந்தது, சட்டப்பிரிவுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு குறையும் இல்லை. நோட்டீஸ் எழுதுவது எப்படி என்று இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதை மாதிரியாகக் காட்டலாம். இதை நான் மச்சானிடம் சொல்லவில்லை.

அவர் மனைவி சில வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் ஜொகூரில் இருக்கிறான். மச்சான் ஈப்போவை அடுத்த செமோரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பிற்பகலில். பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் ரப்பர் நாடாவால் கட்டிய ஓர் எனாமல் தட்டு. வழியெல்லாம் பெட்டியோடு மோதி, தட்டின் விளிம்பில் ஓரிடம் பெயர்ந்திருந்தது. அதை அவர் விரலால் தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

முதல் சில நாட்கள் விருந்தாளியாகச் சாப்பிட்டார். பிறகு இரவுச் சாப்பாடு நின்றது. அப்புறம் காலைச் சாப்பாடு.

"என்னாண்ணே, பூன சாப்பிடுற மாதிரி சாப்பிடுற? மீனு நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருக்கு ருக்கு. வேல இல்லாத ஆளுக்கு ஒரு வேள சோறு போதும்லா."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் வளர்ந்த வீட்டில் அது சட்டமாக இருந்தது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது, வேலை இல்லை, அன்று அடுப்பு ஒரு வேளைதான் எரியும். காலம் கொஞ்சம் தெளிந்ததும் மற்றவர்கள் அந்தச் சட்டத்தை மறந்துபோனார்கள். ருக்மணி மறந்தாள். அவர் மட்டும் ரத்து செய்யவே இல்லை.

ஜொகூரிலிருந்து மகன் பேசினான். கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பேசியதால் எங்களுக்கும் கேட்டது.

"அப்பா, இங்க வந்துருங்கப்பா. நீங்க ஒன்னுமே செய்ய வேணாம். டிவி இருக்கு, ஏர்கோன் இருக்கு, சும்மா உக்காந்திருங்க."

"நாற்காலி இருக்காப்பா?"

"இருக்குப்பா. புது செட்டு வாங்கியிருக்கோம்."

"அப்ப அதுகளோட நானும் ஒரு நாற்காலி."

நல்ல பையன்தான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது.

ஒருநாள் குளியலறை வாசலில் மச்சான் தன் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், "பழைய பெல்ட்டு, இழுத்துக்கிச்சு," என்றார். ருக்மணியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

"ஊருல உள்ளவனுக்கெல்லாம் வேல போட்டுக் குடுத்தீங்க. எங்கண்ணனுக்கு ஒன்னு வாங்கிக் குடுக்க முடியாதா?"

வேலை போட்டுக் கொடுத்தவர்கள் வேறு மாடியில் இருந்தார்கள், நான் அதைக் கோப்பில் சேர்த்தவன். இந்த வித்தியாசத்தை அவளுக்கு விளக்க நான் முயலவில்லை.

பாம்பு இருக்கும் இடம்

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, முறைப்படி ஆரம்பித்தேன்.

"மச்சான், ஒங்களுக்கு என்னென்ன நல்லாத் தெரியும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவர் நெடுநேரம் யோசித்தார். "ஒரு ஆளக் காலையில பாத்தா, இன்னைக்கு வேல செய்வானா ஏமாத்துவானான்னு தெரியும்."

"பணியாளர் மேலாண்மையில் நீண்ட அனுபவம்" என்று எழுதினேன்.

"அப்புறம்?"

"பாம்பு இருக்கற எடம் தெரியும்."

"பணியிடப் பாதுகாப்பு" என்று எழுதினேன். இப்படியாக என் மச்சான் இரண்டு பக்கத்துக்கு மிகவும் கௌரவமான மனிதராக உருவானார். அச்சிட்டு அவரிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "யாரு மாப்ளே இந்த ஆளு?" என்றார்.

விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது, நன்றி, பரிசீலிக்கிறோம் என்று உடனுக்குடன் பதில்கள் வந்தன. இயந்திரங்கள் எழுதிய பதில்கள். எழுத்துப் பிழை இல்லாமல், பணிவோடு, எதையும் சொல்லாமல் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் அந்த நடை கைவர ஒருவருக்குப் பத்து வருடம் பிடிக்கும்.

ஒரே ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. பேரங்காடி ஒன்றின் சரக்குக் கிடங்கு. உள்ளே இருந்தது தமிழ்ப் பெண், மரியாதையான பெண். என்னையும் கூட உட்கார அனுமதித்தாள்.

"உக்காருங்க அங்கிள்."

"பரவால்லமா, நிக்கிறேன்."

"ஏன் அங்கிள் எங்க கம்பெனியில வேல செய்யணும்னு விரும்புறீங்க?"

முந்தின நாள் நாங்கள் இதற்குப் பதில் தயாரித்து ஒத்திகை பார்த்திருந்தோம். மச்சான் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் கேள்வியை மலாயில் திருப்பிக் கேட்டாள். அதற்கும் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்தார். அவள் சங்கடப்பட்டு, "பரவால்ல அங்கிள், நாங்க கூப்புடுறோம்," என்றாள். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

காரில் ஏறியதும் நான் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். "நேத்து நல்லா சொன்னீங்களே மச்சான். இன்னைக்கு என்னாச்சு?"

"அந்தப் புள்ள இப்படிக் கேட்டுருச்சே மாப்ளே."

"எல்லாரையும் கேக்குற கேள்விதான் அது."

"வேல குடுங்கன்னு வாயத் தொறந்து கேட்டா, அது கை நீட்டற மாதிரி. வந்து நின்னாச்சு. நிக்கிற ஆளப் பாத்துத் தெரிஞ்சிக்க வேணாமா?"

திரும்பும் வழியில் காதர் பாயின் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன். எனக்குப் பல வருடப் பழக்கம். கடையில் ஆள் தேவை என்று அவரே போனமாதம் சொல்லியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க உள்ள வந்தா நான் எந்திரிச்சு நிக்கணும். ஒங்கள எப்படிலா எச்சித்தட்டு எடுக்கச் சொல்றது? மனசு கேக்குமா? உக்காருங்க, சாப்ட்டுப் போங்க."

மரியாதையினாலேயே ஒருவருக்கு வேலை மறுக்க முடியும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ரொட்டி சானாய் வந்தது. மச்சான் அதை என் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கான ஒரு வேளை அவருக்கு முடிந்திருந்தது.

பெரட்டு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் என் அப்பா கிராணி, அதாவது தோட்டத்து அலுவலகக் கணக்கர். அதனால் பெரட்டை நான் பார்த்ததெல்லாம் அலுவலகக் கம்பி ஜன்னலுக்கு உள்ளிருந்து.

பெரட்டு என்றால் விடியுமுன் ஆள் கூடும் சடங்கு. தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்து வரிசையாக நிற்பார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார். 'ஐயா' என்று பதில் சொன்னவருக்கு அன்று வேலை. பிந்தி வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவரும் அப்படித்தான், வரிசையின் கடைசியில் ஒரு ஆள் இடைவெளி விட்டு நிற்பார். அவர் எதுவும் பேச வேண்டியதில்லை. மண்டோர் ஒருநாள் பார்ப்பார், இரண்டு நாள் பார்ப்பார். ஆள் குறையும் நாளில், "ஏய், நீ வா" என்பார். அவ்வளவுதான் நியமனம்.

நான் பெரட்டைப் புகழவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவந்த பெண்ணை நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பியதையும் அதே ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அவள் திட்டிக்கொண்டு போனது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது. ஆனால் ஒன்று உண்மை. பெரட்டில் யாரும் வாய்விட்டு வேலை கேட்டு நான் பார்த்ததில்லை. வந்து நிற்பதே கேட்பது.

மச்சான் இருபது வருடத்துக்கு மேல் பெயர் கூப்பிட்டவர். கடைசிப் பெரட்டைப் பற்றி ஒரு மாலையில் என்னிடம் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் வீட்டு முகப்பில் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"நம்ம ஆளுங்க கொறஞ்சிக்கிட்டே வந்தாங்க மாப்ளே. ஒவ்வொரு மாசமும் கூப்புடுற பேரு கம்மியாச்சு. வெளிநாட்டு ஆளுங்கள குத்தகக்காரன் லோரில ஏத்திட்டு வந்து நேரா காட்டுக்குள்ள எறக்கிருவான். அவனுங்களுக்கு பெரட்டு கெடையாது. கடைசில மூடிட்டாங்க."

"அப்புறம்?"

"அடுத்த நாளும் எந்திரிச்சுப் போயி நின்னேன். பழக்கம்தான். ஆபீசுல பூட்டு. கூப்புட ஆளு இல்ல. கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பறம் நானே எம் பேரச் சொல்லிக் கூப்புட்டேன்."

நான் காத்திருந்தேன்.

"பதில் சொல்லல மாப்ளே. யாருக்குச் சொல்றது?"

ருக்மணி உள்ளேயிருந்து தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார்.

வெள்ளைச் சட்டை

ருக்மணிக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம்பர் எடுக்க விடியலிலேயே கிளம்பிவிடுவோம். ஒருமுறை மச்சானும் கூட வந்தார். நாங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவர் காலாற நடந்து கட்டடத்தின் பின்பக்கம் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"மாப்ளே," என்றார், "இங்க பெரட்டு இருக்கு."

எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாளிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் திரும்பி வருவார். ருக்மணி பயந்துபோனாள். அண்ணன் எங்காவது கோயில் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டதோ என்று கூட நினைத்தாள். அதனால்தான் அன்று நாங்கள் காரில் பின்தொடர்ந்தது, அதனால்தான் நான் அந்தத் தண்ணீர் தேங்கிய இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு விதிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

"எறங்கிப் போயிக் கேளுங்க," என்றாள் ருக்மணி.

இறங்கினேன். மேற்பார்வையாளர் அம்மாவை எல்லோரும் பரமேஸ் அக்கா என்று கூப்பிட்டார்கள். கரகரத்த குரல், தலையில் குடைபோல ஒரு தொப்பி. நான் மச்சானைக் கைகாட்டியதும் அந்த அம்மா தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஒங்க ஆளாண்ணே இவரு?"

"மச்சான்."

"அப்பாடா! ஹெட் ஆபீஸ்ல இருந்து வேவு பாக்க அனுப்பிட்டாங்கன்னு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்லலா. தெனமும் வாராரு. கைய பின்னால கட்டிக்கிட்டு ஒவ்வொரு ஆளா பாக்குறாரு. ஆருங்க நீங்கன்னு கேட்டா, 'வந்துருக்கேன்'னு சொல்றாரு. அவ்ளோதான்!"

வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அக்கா, அவரு வந்ததுலேருந்து நானே நேரத்துக்கு வாரேன். எம் புருஷன் என்னைச் சந்தேகப்படுறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. பெரட்டில் சிரிக்கக் கூடாது.

"வேலைக்குத்தாம்மா நிக்கிறாரு," என்றேன்.

"வேலைக்கா?" பரமேஸ் அவரை மறுபடி, இம்முறை நிதானமாகப் பார்த்தார். "அண்ணே, வேலைக்கு ஒன்லைன்ல போடணும். கேஎல் ஹெட் ஆபீஸ்தான் எடுக்கும். நான் இவரு கையில ஒரு வெளக்கமாறு குடுத்தாலே எம் வேல போயிரும்."

"தெரியும்மா. சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியில் பதியாத ஆளை வேலையில் விடக் கூடாது. விட்டு ஏதாவது ஆனால் பொறுப்பு உங்க தலையில்."

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். ஓய்வுபெற்ற பிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"அழுக்குத்துணி வண்டி தள்ளுற ஆளு வேலைய விட்டு நின்னுட்டான். எடம் காலிதான்," என்றார் மெதுவாக. "நீங்க பேப்பர் வேலைய பாத்தீங்கன்னா, நான் ஒரு வார்த்த சொல்றேன்."

நான் மச்சானிடம் போய், இனி என் பொறுப்பு, நாளைக்கு இங்கே வர வேண்டாம் என்றேன்.

"நீங்க அதைப் பாருங்க மாப்ளே. நான் நிக்கிறேன்."

"தேவையில்ல மச்சான்."

"நிக்காட்டி எடம் போயிரும்."

பரமேஸ் தலையில் அடித்துக்கொண்டார். "நில்லுங்கண்ணே, நில்லுங்க. ஆனா ஒரு கோப்பியாச்சும் குடிங்க. பாக்கவே பயமா இருக்கு."

"வேலைக்கு எடுத்தப்பறம் குடிக்கிறேம்மா," என்றார் மச்சான்.

பிறக்காத மனிதர்

அதன் பிறகு நான் என் சொந்த மண்ணில் இருந்தேன்.

இணையப் படிவத்தில் பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே கீழே இறங்கிப் போனால், மச்சான் பிறந்த ஆண்டை எட்டுமுன்பே வரிசை முடிந்துவிட்டது. அந்தப் படிவத்தின்படி என் மச்சான் பிறக்கவில்லை.

தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். "சிஸ்டம் அப்படித்தான் சார்," என்றது ஓர் இளங்குரல். சட்டப்படி ஓய்வு வயது என்ன என்று கேட்டேன். குரல் சொன்னது. என் மச்சானுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை என்றேன். குரல் ஆமோதித்தது. அப்படியானால், வயது காரணமாக ஏற்க இயலாது என்று எழுத்துமூலம் தாருங்கள், கையொப்பம், பெயர், பதவியோடு, என்றேன். மிகவும் மென்மையாகத்தான் சொன்னேன். அலுவலகங்களில் அதைவிடக் கூர்மையான ஆயுதம் எதையும் நான் கண்டதில்லை. அன்று மாலையே வேறு ஒருவர் அழைத்து, காகிதத்தில் விண்ணப்பிக்கலாம், சோதனைக் காலத்துக்கு எடுத்துப் பார்க்கிறோம், மருத்துவப் பரிசோதனை மட்டும் தேற வேண்டும் என்றார்.

அங்கேதான் மாட்டினோம்.

டாக்டர் மச்சானை எடை பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு, எடை மிகக் குறைவு, கனமான வண்டி தள்ளும் வேலைக்கு இப்போது சான்று தர முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். "சாப்பிடுறாரா?" என்று என்னைத்தான் கேட்டார்.

வேலை கிடைத்தால்தான் மச்சான் சாப்பிடுவார். சாப்பிட்டால்தான் அவருக்கு வேலை கிடைக்கும். என் பணிக்காலம் முழுதும் எந்தத் துறையும் இவ்வளவு கச்சிதமான ஒரு முட்டுக்கட்டையை உருவாக்கியதில்லை.

ருக்மணி அழுதாள், கத்தினாள். "வேலைக்காகவாச்சும் சாப்புடுண்ணே!"

"வேல வரட்டும் ருக்கு."

மறுநாள் மச்சான் மருத்துவமனையில் நின்றுவிட்டுத் திரும்பியபோது, அவள் சமையலறையின் பின்கதவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பின்னால சாக்கட அடைச்சிக்கிட்டு நாறுது. ஆளு வச்சித்தான் சுத்தம் பண்ணணும். நீ செய்யிறியா, வெளி ஆளக் கூப்புடட்டுமா?"

அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். முற்பகல் முழுதும் வேலை. மதியம் அவள் அந்த எனாமல் தட்டில் சோற்றைக் குவித்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், கையைப் பார்த்தார், உட்கார்ந்து சாப்பிட்டார். இரவும் சாப்பிட்டார். அடுத்த நாளும் சாக்கடை அடைத்துக்கொண்டது. அதற்கடுத்த நாளும்.

ஒரு மாலையில் பின்பக்கம் போனபோது, ருக்மணி குனிந்து, கிழித்த வாழையிலைகளைச் சாக்கடைக்குள் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பொது வடிகாலில் குப்பை போடுவது நகராண்மைக் கழக விதிப்படி குற்றம். நான் சத்தம் காட்டாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கூப்பிட்டார்கள்

அந்தக் காலையும் முன்பு போலவே ஈரமாக இருந்தது. நாங்கள் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இம்முறை கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன்.

மச்சானுக்கு நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். ஒரு அளவு பெரிது. ஆனால் அவர் பழைய இடத்திலேயே, ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றார். பரமேஸ் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முனகல், ஒரு கையசைப்பு.

"சன்னாசி அனாக் லெலாக்கி முனியாண்டி." முனியாண்டியின் மகன் சன்னாசி, அடையாள அட்டையில் உள்ளபடி.

பதில் இல்லை.

ருக்மணியின் கை என் முழங்கையைப் பிடித்தது. பரமேஸ் தலை நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டிய அலுவலகத்தின் முன்னால் நின்றதாக மச்சான் சொன்ன அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது.

பரமேஸ் மறுபடி, இன்னும் கொஞ்சம் சத்தமாக, ஆனால் இதமாகக் கூப்பிட்டார்.

"சன்னாசி."

"ஐயா!"

கூரைமேல் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. மாடி ஜன்னல் ஒன்றில் விளக்கு எரிந்தது. அத்தனை சத்தம்.

"ஐயாவா? நான் அம்மாலா!" என்றார் பரமேஸ். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒரு பெண் தன் கோப்பிப் பையை அவர் கையில் திணித்தாள். அவர் இடைவெளியை மூடிக்கொண்டு ஓரடி நகர்ந்து நின்று, அதைக் குடித்தார்.

அவருக்கு வேலை கிடைத்தது என் காகிதங்களாலா, அவர் நின்றதாலா என்று யாராவது என்னைக் கேட்டால், கோப்பில் இரண்டையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

பிற்பகலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ருக்மணி சோறு போட்டாள். தட்டு காலியானது. மறுபடி போட்டாள். அதுவும் காலியானது. அவர் தட்டைத் தூக்கி நீட்டினார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் தட்டை நீட்டியது அதுதான் முதல் தடவை.

"இன்னும் கொஞ்சம் போடு ருக்கு." பிறகு, தலை நிமிராமலே, "வாழ எலைய இனிமே மரத்துலயே விட்டுரு," என்றார்.

ருக்மணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். திரும்பி வர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அன்று சோறு போதவில்லை. எனக்கு ரொட்டியும் நேற்றைய குழம்பும்தான் வந்தன. இது குறித்துப் புகார் செய்வதற்கான முறைகள் அனைத்தும் எனக்குத் தெரியும். செய்யவில்லை.